திருப்பணிக்குப் போகும் மருமகளுக்கு



பழைய தோட்டத்துக் கோயில் ஒன்றில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் பொதுப்பணி, செய்யப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. சுரண்டியும் பெயிண்டும் வாங்கியாகிவிட்டது என்ற வரியைப் படித்ததும்தான் மாமாவுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

முதலில் பேராக்கில் உள்ள பத்து காஜா பக்கம் போய் வா. கெல்லி கோட்டையைப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போ. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தொடங்கிய மாளிகைதான் அந்தக் கோட்டை; வேலைக்கு நம் ஆட்களைத்தான் வரவழைத்தார். 1918இல் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரை வாரிக்கொண்டு போனது. அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டுமென்று தொழிலாளர்கள் கேட்டார்கள், துரை சம்மதித்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது. கோயிலின் மேலேயோ, சாமிச் சிலைகளுக்கு நடுவில் கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அது கெல்லி துரைதான் என்பார்கள்.

விவரமறியாத பிள்ளைகள், “இது சாமியில்லையே” என்று அந்தச் சிலையை இடித்திருந்தால்? காய்ச்சலில் மாண்டவர்களின் கதைக்கு இருந்த சாட்சியும் சேர்ந்து போயிருக்கும்.

அதனால், சுவரைத் தொடுமுன் பெரியவர்களிடம் உட்கார். தோட்டம் கைமாறி, லயக் குடியிருப்பு இடிந்து, அவர்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோயிருப்பார்கள். திருவிழாவுக்கு மட்டும் வருவார்கள். எந்தக் கல் மதுரைவீரன், எது முனியாண்டி என்று அவர்களுக்குத்தான் தெரியும். கோயிலை நீ படம் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களைக் கேட்டுவிட்டு எடு. பாலாலயம் செய்து சாமியின் சக்தியைக் கும்பத்துக்கோ படத்துக்கோ மாற்றுமுன் கருவறைப் பக்கம் யாரும் கைவைக்க வேண்டாம்.

இனி சுவர். பழைய செங்கல் சுவரில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு. பேராக் மழையில் நனையும், வெயிலில் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். எண்ணெய்ப் பெயிண்டும் அப்படித்தான். டைல்ஸ் ஒட்டுவதைப் பற்றிக் கேட்காதே, எனக்குக் கோபம் வரும். விரிசல் கண்ட சுதைச் சிற்பத்தை ஸ்தபதிக்கு விட்டுவிடு. நீங்கள் புதர் வெட்டுங்கள், கூரை ஒழுகலை அடையுங்கள், மழைநீர் அடித்தளத்தில் தேங்காமல் கால்வாய் எடுங்கள். பாதித் திருப்பணி அதுதான்.

ஒன்று பாக்கி. தோட்டக் கோயில்கள் பல கம்பெனி நிலத்தில் எழுந்தவை; தோட்டத்தை விற்றபோது கோயில் நின்ற மண்ணும் சேர்ந்தே கைமாறியது. பட்டா இல்லாமல் கோபுரத்துக்கு நன்கொடை திரட்டுவது வீண். நிர்வாகத்தினரோடு நில அலுவலகத்துக்குப் போய், நிலம் யார் பேரில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா, ஈப்போ