மாத்திரை மேல் பழி போடாதீர்கள்

"சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை எல்லாம் வருஷக்கணக்கா சாப்பிட்டா கிட்னி போயிடும்." என் மேஜைக்கு எதிரே உட்காருபவர்களிடம் இதைக் கேட்காத நாளே கிடையாது. யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்கா என்பார்கள், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ என்பார்கள், பூங்காவில் கூட நடக்கிற ரிட்டயர்டு வாத்தியார் என்பார்கள். அந்தப் பட்டியலில் சிறுநீரக மருத்துவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். இதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் சில வருடம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து நிற்பார்கள். அப்போதும் பழி மாத்திரைக்குத்தான்: "அன்னைக்குச் சாப்பிட்டது இப்போ வேலையைக் காட்டுது டாக்டர்."

இந்த வதந்தியால் போன கிட்னிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. ஆகவே இந்த முறை இதற்குத்தான் அதிக இடம்.

முதலில், கிட்னி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றின் எடை சுமார் 150 கிராம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கும் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமெருலஸ் எனும் தந்துகிச் சுருள். மற்ற இடங்களில் தந்துகியைத் தாண்டியதும் ரத்தம் சிரைக்குப் போய்விடும். இங்கே மட்டும் உள்ளே வரவும் ஒரு சிறு தமனி, வெளியே போகவும் ஒரு சிறு தமனி. இரண்டும் சுருங்கி விரிந்து சுருளுக்குள் அழுத்தத்தை உயர்த்தி வைத்திருக்கின்றன. அந்த அழுத்தத்தில் நீர், உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் சுவர் வழியே வெளியே வடிகின்றன. ரத்த அணுக்களும் அல்புமின் போன்ற பெரிய புரதங்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

இப்படி வடிவது நாளைக்கு 180 லிட்டர். உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான். அதாவது ஒரே நாளில் அது 60 முறை வடிகட்டப்படுகிறது. வடிந்த நீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பும் 180 கிராம் சர்க்கரையும் போகின்றன. ஆனால் நீங்கள் கழிப்பது ஒன்றரை லிட்டர் சிறுநீர். மீதியை நெஃப்ரானின் நீண்ட குழல் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே கொடுத்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு குழலின் முதல் பகுதியிலேயே திரும்பிவிடும்; சர்க்கரை அங்கேயே முழுவதும் மீட்கப்படும். கடைசிப் பகுதியில் எவ்வளவு நீரை மிச்சம் பிடிப்பது என்பதை மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் முடிவு செய்கிறது. இதற்கிடையில் வடிகட்டலில் சிக்காத சில அமிலங்களையும் மருந்துகளையும் குழலின் செல்களே ரத்தத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளுகின்றன.

வதந்திக்காரர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கடைசி வரியை. மாத்திரை கிட்னி வழியாக வெளியேறுகிறது, ஆகவே கிட்னியை அரிக்கிறது என்கிறார்கள். யூரியாவும்தான் ஆயுள் முழுவதும் அதே வழியில் போகிறது. வழியாகப் போனால் அரித்துவிடுமா?

அந்த வாதம் தொடக்கத்திலேயே தவறு. எல்லா மாத்திரையும் கிட்னி வழியாகப் போவதில்லை. நம் ஊரில் ஏராளமானோர் சாப்பிடும் பி.பி. மாத்திரை டெல்மிசார்ட்டான். அது கிட்டத்தட்ட முழுவதும் பித்தத்தோடு கலந்து மலத்தில் போய்விடுகிறது. அம்லோடிபினைச் சிதைக்கும் வேலை கல்லீரலுடையது. சுகருக்கு எழுதும் மெட்பார்மின் கிட்னி வழியாகத்தான் போகிறது, உண்மை. ஆனால் அது கிட்னியைக் கெடுப்பதில்லை.

"அப்படியானால் கிட்னி கெட்டதும் நீங்களே ஏன் மெட்பார்மினை நிறுத்துகிறீர்கள்?" நல்ல கேள்வி. வதந்தி பிறந்த இடமே இதுதான் என்பது என் எண்ணம். கிட்னி வடிகட்டும் வேகத்தை ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணால் குறிக்கிறோம். அது 45க்குக் கீழே வந்தால் மெட்பார்மின் அளவைக் குறைப்போம்; 30க்குக் கீழே போனால் நிறுத்துவோம். வெளியேற வழியில்லாமல் மருந்து ரத்தத்தில் தேங்கினால், அரிதாக, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும் என்பதே காரணம். கிட்னி கெட்டதால் மாத்திரை நின்றது. இதைப் பார்த்த உறவினர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு, மாத்திரையால் கிட்னி கெட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்த வீட்டில் எல்லாம் சாவு விழுகிறது, அதனால் ஆம்புலன்ஸைத் தெருவுக்குள் விடாதே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கெடுப்பது எது? ரத்தத்தில் நிற்கும் சர்க்கரையும் இறங்காத பி.பி.யும். சர்க்கரை கூடினால் குளோமெருலஸுக்குள் வரும் தமனி விரிந்துகொடுத்து, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வருடக்கணக்கில் அந்த அழுத்தம் தாங்கிய சுவர் தடித்து, ஓட்டை விழுந்து, புரதம் கசிந்து, கடைசியில் தழும்பாகிறது. போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், ராமிபிரில் வகை மாத்திரைகள் வெளியே போகும் தமனியைத் தளர்த்திச் சுருளுக்குள் அழுத்தத்தை இறக்குகின்றன. கிட்னியைக் கெடுப்பதாக நீங்கள் பழி சொல்லும் மாத்திரை, கிட்னியைக் காக்க என்றே நாங்கள் எழுதுவது!

இது என் வாய்ச்சொல் இல்லை. 1993இல் வெளியான கேப்டோபிரில் ஆய்வில், முதல் வகை நீரிழிவோடு கிட்னி பாதிப்பும் இருந்தவர்களில், மருந்து எடுத்தவர்களுக்கு, கிட்னி வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியானது. 2001இல் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களிடம் லோசார்ட்டான் அதே திசையில் பலன் காட்டியது. 2020இல் டாபாகிளிஃப்லோசினின் முறை வந்தது. சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சும் குழலின் கதவை அடைத்து, அதைச் சிறுநீரில் போகவிடும் மருந்து அது. 4,304 பேரிடம் நடந்த ஆய்வில், கிட்னி செயல் பாதிக்கு மேல் சரிவது, டயாலிசிஸ் வரை போவது, கிட்னி அல்லது இதய நோயால் இறப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது ஆபத்து 39 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோயே இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் பலன் கிடைத்தது. சுகருக்கென்று வந்த மாத்திரையை இன்று கிட்னிக்கென்றே எழுதுகிறோம்.

ஒரு நியாயமான எச்சரிக்கை உண்டு. வாந்தியும் பேதியுமாக உடம்பு வறண்டு கிடக்கும் நாட்களில் இந்த மாத்திரைகளில் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். அதுவும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான். அக்கா சொல்லி அல்ல.

மாத்திரையைப் பார்த்துப் பயந்தே ஆக வேண்டுமென்றால் சரியான மாத்திரையைப் பாருங்கள். மருந்துக்கடையில் போய் "மூட்டுவலிக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்கிறீர்களே, அது. பட்டையைக் கத்தரித்து, பெயர் இருக்கும் பகுதி போய், சின்ன காகிதக் கவரில் மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாக விழும். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் ஒன்று இருக்கும். உள்ளே வரும் தமனியை விரித்து வைக்கும் இயற்கைப் பொருளை அது தடுத்துவிடுகிறது. வெயிலில் வேலை செய்து உடம்பு வறண்டவருக்கும், முதியவருக்கும், ஏற்கெனவே கிட்னி பலவீனமானவருக்கும் இது நேரடியான அடி. இந்த செட்டை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்தான் "இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று பி.பி. மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்.

இனி மற்ற நம்பிக்கைகள், வேகமாக.

நம்பிக்கை: காலையில் வெறும் வயிற்றில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தால் கிட்னி கழுவப்படும்.
உண்மை: நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிற உறுப்பை உங்கள் இரண்டு லிட்டர் கழுவாது, சிறுநீர்தான் வெளிறிப்போகும். கிட்னி நோயாளிகளைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கனடாவில் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது, நோய் மெதுவாகவில்லை. கல் வந்தவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் நிறையத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். கால் வீங்கிய கிட்னி நோயாளி அளந்துதான் குடிக்க வேண்டும்.

நம்பிக்கை: மூலிகை என்றால் பக்கவிளைவு கிடையாது.
உண்மை: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க ஒரு மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது. குற்றவாளி அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே தாவரப் பேரினம்தான். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்க இலும்பன் புளிச் சாற்றைக் குடித்தவர்களுக்கு ஆக்சலேட் படிந்து கிட்னி நின்றது பதிவாகியிருக்கிறது.

நம்பிக்கை: வாழைத்தண்டுச் சாறு, பீர் இரண்டும் கல்லைக் கரைக்கும்.
உண்மை: ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே போய்விடும். அதன் பெருமையைத் தண்டு தட்டிக்கொள்கிறது. பீருக்கு அந்தப் பெருமைகூட வேண்டாம்.

நம்பிக்கை: கல் இருந்தால் பால், தயிர் கூடாது.
உண்மை: உணவில் கால்சியத்தைக் குறைத்தால் குடல் ஆக்சலேட்டைக் கூடுதலாக உறிஞ்சும், கல் வாய்ப்பு ஏறும்.

நம்பிக்கை: இடுப்பு வலித்தால் கிட்னி கோளாறு.
உண்மை: பெரும்பாலும் அது முதுகெலும்பும் தசையும். நாட்பட்ட கிட்னி நோய் கடைசி வரை வலிக்காது. அதுதான் அதன் வஞ்சகம்.

நம்பிக்கை: கிரியேட்டினின் நார்மல், கவலையில்லை.
உண்மை: வடிகட்டும் திறன் பாதியளவு போகும் வரைகூடக் கிரியேட்டினின் நார்மலுக்குள் இருக்கலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என் நெடுநாள் ஆதங்கமே இதுதான்.

கிட்னி நோயைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் வழி புதிதல்ல. லண்டனில் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட், கால் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைச் சூடாக்கினால் அல்புமின் திரிந்து நிற்பதையும், இறந்த பின் அவர்களின் கிட்னி கெட்டிருப்பதையும் சேர்த்து 1827இலேயே எழுதினார். இன்று ஒரு பட்டையைச் சிறுநீரில் நனைத்து எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். புரதம் இருந்தால் மஞ்சள் கட்டம் பச்சையாகும். அதைவிட நுணுக்கமானது அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். அது 30ஐத் தாண்டி, மறுபடி பார்த்தாலும் அப்படியே நின்றால் சுவர் கசிகிறது என்று பொருள். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடங்கள் முன்பே இது சொல்லிவிடும், மாத்திரையால் காப்பாற்ற முடிகிற காலத்திலேயே. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி 'மாஸ்டர் செக்கப்' செய்துகொள்பவர்களின் ஃபைலிலும் பல நேரம் இந்த ஒரு பரிசோதனை இருப்பதில்லை. தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. வாசலுக்கு வந்ததை வாய்க்குப் போகாமல் தடுப்பதைத்தான் இந்த வதந்தி செய்கிறது.

ஆகவே சுகரோ பி.பி.யோ உள்ள ஒவ்வொருவரும் வருடம் ஒரு முறை இரண்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின். மருத்துவர் எழுதித் தரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். மாத்திரை மேல் சந்தேகம் வந்தால் அதை எழுதியவரிடம் கேளுங்கள். அடுத்த முறை யாராவது "அதைச் சாப்பிடாதே, கிட்னி போயிடும்" என்று சொன்னால், டயாலிசிஸ் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.