பயறு குடும்பப் புதர்கள்: விதை உறக்கமும் முளைத்தலும் – முக்கியக் குறிப்புகள்

• உயிருள்ள விதை, நீர், காற்று, ஏற்ற வெப்பம் எல்லாம் கிடைத்தும் முளைக்காதிருந்தால் அது விதை உறக்கம். நீர் கிடைக்காததால் மட்டும் காத்திருந்தால் அது ஓய்வு நிலை.

• பாஸ்கின் தம்பதியரின் வகைப்பாட்டில் (2004) விதை உறக்கம் 5 வகை. ஆவாரை, சீமைக்கருவேலம் போன்ற ஃபேபேசி குடும்பப் புதர்களில் முதன்மையாகக் காண்பது இயற்பிய உறக்கம்.

• காரணம் விதையுறை. அதில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் மால்பிஜியன் செல்கள் நீரை உள்ளே விடுவதில்லை. இவ்வகையில் கரு உறங்குவதே இல்லை. நீர்தான் அதை எட்டவில்லை. "அப்சிசிக் அமிலம் உறங்க வைக்கும், ஜிப்ரலின் எழுப்பும்" என்ற வரியை இந்த விதைகளுக்கும் எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர். ஜிப்ரலின் கரைசலும் நீர்தானே, கடின உறை அதையும் தடுத்துவிடும். இந்த ஒரு குறிப்பு புரிந்தால் கீழே வருபவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

• விதைத்தழும்பு (ஹைலம்): உலர்ந்த காற்றில் இதன் பிளவு திறந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், ஈரக்காற்று பட்டால் மூடிக்கொள்ளும். ஒருவழிக் கதவு போன்றது. லூப்பினஸ் ஆர்போரியஸ் என்ற புதரிலும் க்ளோவர் செடிகளிலும் இதை விளக்கியவர் ஹைடு (1954).

• லென்ஸ்: தழும்பின் அருகே உள்ள சிறு புடைப்பு, ஸ்ட்ரோஃபியோல் என்றும் பெயர். உறையில் வலுக்குறைந்த இடம் இது. வெப்பம் பட்டால் பெரும்பாலும் முதலில் வெடிப்பது இதுவே. நீர் அவ்வழியே நுழையும்.

• உறக்கம் நீக்கும் முறைகள்: உப்புத்தாளில் தேய்த்தல், அடர் கந்தக அமில நேர்த்தி, வெந்நீர் நேர்த்தி, விதைகளை வேகமாகக் குலுக்குதல். திறந்த உறை மீண்டும் மூடாது. நேர்த்தி செய்த விதையை உடனே விதைப்பது நல்லது.

• காட்டில் இந்த வேலையைத் தீ செய்கிறது. நீலகிரிப் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ள ஐரோப்பியப் புதர்களான உலெக்ஸ் யூரோப்பேயஸ், சைட்டிசஸ் ஸ்கோபாரியஸ் இரண்டின் விதைகளும் மண்ணில் பல ஆண்டுகள் தங்கி, தீக்குப் பின் திரளாக முளைப்பவை. செடியை வெட்டினால் மட்டும் தீராது. மண்ணுக்குள் இருக்கும் விதை வங்கியையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

• சீமைக்கருவேலம் (புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா): தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன.

• நீர் உள்ளீர்த்தல் இயற்பியல் நிகழ்வு. உயிரற்ற விதையிலும் நடக்கும். முதலில் வெளிவருவது முளைவேர். ஆவாரையில் மேல்நில முளைத்தல், கொண்டைக்கடலையில் கீழ்நில முளைத்தல்.

• ஃபேபேசி விதைகள் பெரும்பாலும் கருவூண் அற்றவை; உணவு வித்திலைகளில் இருக்கும். விதிவிலக்கு: வெந்தயம், கொத்தவரை.