தையல் மெஷின் சுடப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

கிறிஸ்துமஸ் கண்காட்சிப் போட்டிக்கு எல்லோரும் செய்யும் வீடு வேண்டாம், அம்மாவின் பழைய சிங்கர் மெஷினையே ஜிஞ்சர்பிரெட்டில் செய்யப்போகிறேன் என்கிறாய். துணிச்சல்தான். ஆனால் உனக்கு முன்னால் துணிந்தவர்கள் நிறைய. நார்வேயின் பெர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் எழும் ஜிஞ்சர்பிரெட் ஊரில் வீடுகளுக்கு நடுவே ரயிலும் கப்பலும் நிற்கின்றன. கால்பந்து வீரர் மாரடோனா மறைந்த 2020-இல் ராமநாதபுரத்து பேக்கரி ஒன்று அவருக்கு ஆறடி உயரக் கேக் சிலையே வைத்தது.

மாவைத் தொடுமுன் மெஷினுக்கு எதிரே உட்கார். தைப்பவருக்கு ஊசி இடப்பக்கம், சக்கரம் வலப்பக்கம். ஞாபகத்தை நம்பி வரைகிறவர்கள் இதைத்தான் மாற்றிப் போடுகிறார்கள். கையூசிக்குக் காது மேலே. மெஷின் ஊசிக்கோ முனையருகே. 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினிலும் அப்படித்தான். தையற்காரர் ஒருவர் வந்து பார்த்தால் அவர் கண் முதலில் போவது அங்கேதான்.

அடுத்த சிக்கல், அந்தரத்தில் நீளும் மெஷினின் கை. தூணைத் தனியாக, கையைத் தனியாகச் சுட்டு ஐசிங்கால் ஒட்டினால், ஒட்டிய இடமே முதலில் விட்டுக்கொடுக்கும். இரும்பு மெஷினில் தூணும் கையும் ஒரே வார்ப்பு. நீயும் பக்கவாட்டு உருவத்தை ஒரே துண்டாக வெட்டு. அப்படி இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் படுக்கையிலேயே காயவிட்டு, பிறகு நிமிர்த்து. உள்மூலையைக் கூராக வெட்டாதே, வளைத்து வெட்டு. விரிசல் அங்கேதான் தொடங்கும். மாவில் சோடா உப்பும் பேக்கிங் பவுடரும் வேண்டாம். துண்டு உப்பிவிட்டால் அளவு கெடும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே அட்டை அச்சை வைத்து ஓரங்களைச் சீவிவிடு.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பெர்கன்காரர்களுக்கு இல்லாத ஒரு வில்லன் நம் ஜொகூர் பாருவில் உண்டு: ஈரக்காற்று. அதுவும் டிசம்பர், வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். சுட்டபோது ஓடு போலிருந்த துண்டு இரண்டே நாளில் ஊறிய ரஸ்க்காகிவிடும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் அதைக் குறைத்துச் சீனியைக் கூட்டு. நிறத்துக்கும் மணத்துக்கும் குலா மலாக்கா போடலாம், தண்ணீர் வற்றக் காய்ச்சிய பிறகு. ஒருமுறை சுட்டு ஆறிய துண்டுகளை 100 டிகிரியில் மறுபடி வைத்து உலர்த்து. காய்ச்சிய சீனிப்பாகு நொடியில் ஒட்டும்தான், ஆனால் நம்மூரில் அதுவும் வியர்த்துப் பிசுபிசுக்கும். முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்த கெட்டி ஐசிங்தான் நம்பகமானது. ஏர்கோன் அறையில் ஓர் இரவு விடு. ஃபிரிட்ஜில் வைக்காதே, வெளியே எடுத்ததும் முத்து முத்தாகத் தண்ணீர் பூக்கும்.

அலங்காரம் கடைசி வேலை. கறுப்புக்குக் கோக்கோ மாவு. பழைய சிங்கர் சிலவற்றில் தங்க நிறத்தில் ஸ்பிங்க்ஸ் படம் இருக்கும். அம்மாவின் மெஷினில் அது தேய்ந்து போயிருந்தால் தேய்ந்தபடியே வரை. புத்தம் புதிதாக மினுங்குவதைவிட அதுதான் அழகு.

கண்காட்சி முடியும்வரை மேசைக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறந்துவிடாதே. நடுவர்கள் வருவதற்கு முன்பே எறும்பு வந்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்