எண்பதாயிரமா, ஒன்பது லட்சமா?

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறீர்கள். மாதம் 80,000 ரூபாய். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, “பெர்மனென்ட் ஆகிடுறீங்களா? சிடிசி ஒன்பது லட்சம்” என்கிறார். வீட்டில் சொன்னால் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கக் கிளம்புவார். நண்பர்களோ, “சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டா போவே?” என்பார்கள். இரண்டு தரப்பையும் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலை, பீரோவில் கிடக்கும் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படிப்பது. ஏஜென்சியின் பே-ரோலில் இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஊழியர்தான். முதலாளி மட்டும் வேறு. ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி, 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைப் போடுகிறார்கள் என்றால், காகிதத்தில் நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, லீவு போட்டால் அன்றைக்குக் காசு இல்லை. கீழே வரும் கணக்கு இவர்களுக்கானது.

இரண்டாவது, மாதக் கணக்கை விட்டுவிட்டு வருடக் கணக்குப் போடுங்கள். ஒன்பது லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 75,000 என்று நினைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சிடிசி என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 90,000, கிடைத்தால்தான் உண்டு என்கிற ‘வேரியபிள்’ என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம், அதாவது மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி என்று சுமார் இன்னொரு 21,600. இவை போக, உங்கள் பங்கு பி.எஃப்.பும் போனால் கையில் வருவது மாதம் 62,000 சொச்சம். வருடத்துக்கு 7,44,000. இரு பங்கு பி.எஃப். 43,200 சேமிப்பாகச் சேர்ந்தால் 7,87,200.

இப்போது கான்ட்ராக்ட். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஒரு மாதம் சும்மா இருந்தீர்கள் என்றால் வரவு 8,80,000. பொங்கல், தீபாவளி, காய்ச்சல், மச்சான் கல்யாணம் என்று 12 நாள் போனால் சுமார் 43,600 கழியும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 25,000 என்று போடுங்கள். மிச்சம் 8,11,400. மாதம் 18,000 நஷ்டம் என்று தெரிந்தது, வருடத்துக்கே 24,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது. வேரியபிளில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே சரியாகிவிடும். (டி.டி.எஸ். தொகையை நஷ்டத்தில் எழுத வேண்டாம். உங்களுக்கு வரி வராவிட்டால், கணக்குத் தாக்கல் செய்ததும் திரும்ப வரும் பணம் அது.) எண்கள் என்னுடையவை; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சும்மா இருந்த மாதங்களை மட்டும் குறைத்து எழுதாதீர்கள். கடந்த மூன்று வருட பாஸ்புக் பொய் சொல்லாது.

மூன்றாவது, அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டில் என்ன நடக்கப்போகிறது? வீட்டுக் கடன் என்றால், சம்பளக்காரரிடம் வங்கி சம்பள ரசீது கேட்கும். கன்சல்டன்டிடம் இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்கும். குழந்தை என்றால், 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்த பெண் ஊழியருக்கு சம்பளத்துடன் 26 வாரம் வரை விடுப்பு உண்டு, கன்சல்டன்டுக்கு இல்லை. இப்படி ஒன்று எதிரே நின்றால் 24,000 ரூபாயைப் பார்க்காமல் நான் பெர்மனென்ட் பக்கம் சாய்வேன். எதுவும் இல்லை, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது, வேலையும் தட்டாமல் வருகிறது என்றால் கான்ட்ராக்டிலேயே இருப்பதில் தப்பில்லை. தனியார் துறையில் ‘பெர்மனென்ட்’ என்பதற்கு நோட்டீஸ் காலத்துக்கு மேல் பெரிய பொருள் கிடையாது.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்காரர்களுக்கு வேறு ஒரு விஷயம். 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணிசெய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம். வருகைப் பதிவுக்கும் சம்பள ரசீதுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எச்.ஆரிடம் கேட்பது. போன வருடம் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? புரொபேஷன் எவ்வளவு? நோட்டீஸ் 90 நாளா? கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் ஆக வேண்டும். அதில் கன்சல்டன்டாக இருந்த காலத்தைச் சேர்ப்பார்களா? பெரும்பாலும் மாட்டார்கள். ஆனால் கேட்டால், அதற்குப் பதிலாக மாதச் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றித் தரலாம். பதில்கள் மின்னஞ்சலில் வரட்டும்.

சேர்வதென்று முடிவானால், சொந்த மருத்துவக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். கம்பெனி காப்பீடு வேலையோடு போய்விடும். பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரும். நடுவில் ஏஜென்சி இருந்தால், வாடிக்கையாளர் நிறுவனத்தில் நேரடியாகச் சேரத் தடைவிதிக்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இரண்டு நிறுவனங்களும் பேசித் தீர்க்கட்டும். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை ஏஜென்சிக்கு ராஜினாமா அனுப்ப வேண்டாம். அனுப்பும் நாளில் டி.டி.எஸ். சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், கடைசி பில்லுக்கான பணம் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். விலகிப்போன ஆளின் போனை யாரும் அவசரமாக எடுப்பதில்லை.