வெளிநாடு புறப்படுவோருக்கு மருத்துவக் காப்பீடு: வணிகக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஒரு லோடு சரக்கு வரவழைத்தால், வண்டி புறப்படும் முன்பே இன்சூரன்ஸ் உண்டா, வழியில் நனைந்தால் யார் பொறுப்பு என்று விசாரித்துவிட்டுத்தான் நாம் பணம் அனுப்புகிறோம். சரக்குக்கு இவ்வளவு விசாரிக்கும் நாம், வீட்டுப் பிள்ளை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறும்போது சம்பளம் எவ்வளவு, டிக்கெட் யார் செலவு என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். அங்கே உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடையை இங்கே பார்ப்போம்.

இது வணிகர் இதழில் வரவேண்டிய விஷயமா என்று சிலர் நினைக்கலாம். வாலிகண்டபுரத்திலும் வி.களத்தூர், லெப்பைக்குடிகாடு போன்ற அக்கம்பக்கத்து ஊர்களிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பி இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மளிகைக் கடையிலும் ஜவுளிக் கடையிலும் அந்தக் குடும்பங்களுக்குப் பற்று உண்டு. அங்கிருந்து பணம் வந்ததும் பாக்கி தீரும். சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் பணம் வருவது நிற்கும். அதோடு போகாது, இங்கிருந்து பணம் அனுப்ப வேண்டிய நிலையும் வரும். நகை அடகுக்குப் போகும். சில்லறைக் கடைக்காரருக்கு வரவேண்டியது நிற்கும். அவர் நமக்குத் தரவேண்டியதும் நிற்கும். ஆகவே ஒரு பிள்ளையின் காப்பீட்டு அட்டை, கடைத்தெரு முழுவதையும் தொடும் விஷயம்.

மெடிக்கல் வேறு, காப்பீடு வேறு

வளைகுடா நாடுகளுக்குச் செல்பவர்கள் புறப்படும் முன், அந்நாடுகள் அங்கீகரித்த நிலையத்தில் உடற்பரிசோதனை செய்துகொள்கிறார்கள். ‘மெடிக்கல் பாஸ்’ ஆகிவிட்டது என்றதும் மருத்துவ சம்பந்தமான வேலை எல்லாம் முடிந்ததாக நினைக்கிறோம். அந்தச் சீட்டு வேலைக்குத் தகுதியான உடம்பு என்று மட்டும் சொல்கிறது. நாளை காய்ச்சல் வந்தால் பணம் கட்டுவது யார் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது காப்பீட்டுப் பத்திரமும் வேலை ஒப்பந்தமும்தான்.

நாட்டுக்கு நாடு சட்டம்

நம்மவர்கள் அதிகம் செல்லும் நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் வேறுபாடு உண்டு.

துபாயில் 2013-ஆம் ஆண்டின் 11-ஆம் எண் சட்டப்படி, ஊழியருக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் பொறுப்பு. அந்தப் பணத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆனால் மனைவி மக்களை அழைத்துச் சென்றால், அவர்களுக்குக் காப்பீடு எடுக்க வேண்டியவர் அவர்களை ஸ்பான்சர் செய்பவர். அதாவது நம் பிள்ளையேதான். குடும்பத்தை அழைக்கும்போது வீட்டு வாடகையோடு இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, உம் அல் குவைன், புஜைரா ஆகிய ஐந்து அமீரகங்களில் 2025 ஜனவரி 1 முதல்தான் தனியார் நிறுவன ஊழியருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் இது கட்டாயமாயிற்று. அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹாம் என்று கட்டணம் நிர்ணயித்துத் தொடங்கினார்கள். அத்திட்டத்தில் ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றால் செலவில் 20 சதவீதம் நோயாளியின் பங்கு. ஆனால் ஒரு தடவைக்கு 500 திர்ஹாமுக்கு மேல் போகாது. ஆண்டுக்கு 1,000 திர்ஹாமுக்கு மேல் போகாது. 10,000 திர்ஹாம் பில் வந்தால் 20 சதவீதம் என்பது 2,000 ஆகிறது. ஆனாலும் கட்ட வேண்டியது 500 மட்டுமே. இந்த உச்சவரம்பைத் தெரியாதவர் பில்லைப் பார்த்துப் பயந்தே சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்.

சவூதி அரேபியாவிலும் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கு முதலாளி காப்பீடு எடுத்தாக வேண்டும். அங்கே இகாமா வழங்குவதும் புதுப்பிப்பதும் காப்பீட்டோடு இணைக்கப்பட்டுள்ளன.

சிங்கப்பூரில் வொர்க் பர்மிட், எஸ் பாஸ் ஆகியவற்றில் இருப்பவருக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்பீடு முன்பு ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முதல் 15,000 வெள்ளியைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கும். அதற்கு மேற்பட்ட தொகையில் 75 சதவீதம் கம்பெனியும் 25 சதவீதம் முதலாளியும் ஏற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பில் 40,000 வெள்ளி. முதல் 15,000 கம்பெனியின் பொறுப்பு. மீதி 25,000-இல் கம்பெனி தருவது 18,750, முதலாளி தருவது 6,250. தொழிலாளி கையிலிருந்து எதுவும் இல்லை. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவச் செலவில் தொழிலாளியும் ஒரு பங்கு தருவார் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி அவரும் சம்மதித்திருந்தால், மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேற்படாமல், ஆறு மாதத்துக்கு மேற்படாமல் பிடிக்க அந்நாட்டு விதி இடம் தருகிறது. ஆகவே கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசிட் விசாவில் சென்று அங்கேயே வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால், மேலே சொன்ன எதுவும் அவருக்குக் கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் யாருடைய ஊழியரும் அல்லர். காப்பீடு எடுக்கக் கடமைப்பட்ட முதலாளியும் அவருக்கு இல்லை. குறைந்த செலவில் போகலாம் என்ற பேச்சை நம்பும் முன் இதை நினைக்க வேண்டும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதலாவது, பிரீமியம் யார் கட்டுகிறார்கள்? வாய் வார்த்தை போதாது. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த நாளிலிருந்து? விமானம் இறங்கிய நாள் வேறு, குடியிருப்பு அனுமதி பதிவாகி அட்டை கைக்கு வரும் நாள் வேறு. இடையில் சில வாரங்கள் போகலாம். இந்த இடைவெளிக்கு இந்தியக் கம்பெனிகள் தரும் பயணக் காப்பீட்டை ஒன்றிரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொள்வது நல்லது. அதை இந்தியாவிலிருந்து புறப்படும் முன்பே எடுக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எடுக்கலாம் என்றால் நடக்காது.

மூன்றாவது, எவ்வளவு வரை, எந்த ஆஸ்பத்திரியில்? குறைந்த கட்டணப் பாலிசியில் ஆஸ்பத்திரிப் பட்டியலும் சிறிதாகவே இருக்கும். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டியலில் உள்ள கிளினிக் எது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, எதற்கெல்லாம் கிடையாது? சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் சில திட்டங்களில் காத்திருப்புக் காலம் உண்டு. துபாய் அடிப்படைத் திட்டத்தில் முதல் தடவை சேருபவருக்கு இது ஆறு மாதம். அவசர நிலைக்கு விலக்கு உண்டு. நோயை மறைத்துச் சேர்ந்தால் பின்னர் கிளெய்ம் தள்ளுபடியாக வழி செய்து கொடுத்தவர்கள் ஆவோம். உள்ளதை உள்ளபடி எழுதுவதே லாபம்.

வேலை மாறும்போதும் விசா ரத்தாகும்போதும் பழைய முதலாளியின் காப்பீடு முடிந்துவிடும். அந்த நேரத்தில் இதே நான்கு கேள்விகளையும் மறுபடி கேட்க வேண்டும்.

நம் அரசின் திட்டங்கள்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்படக் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர்கள் அனுமதி பெற வேண்டும். அப்போது ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடு கட்டாயம். 2003-இல் தொடங்கிய இத்திட்டம் 2017-இல் திருத்தப்பட்டது. அதன்படி இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம், வரி தனி. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முதலாளி மாறினாலும் 10 லட்ச ரூபாய்ப் பாதுகாப்பு தொடரும்.

இவ்வளவு குறைந்த பணத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் இது மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. 1 லட்சம் ரூபாய் என்பது சுமார் 4,000 திர்ஹாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது எந்த மூலைக்கு? முதலாளி எடுக்கும் காப்பீடு முதல், இது அதற்குத் துணை. இந்தப் பத்திரம் தன் பெயரில் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஏஜென்டிடமிருந்து நகல் வாங்கி வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளலாம். எல்லாம் கைவிட்ட நிலையில், இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் உள்ள சமுதாய நல நிதியிலிருந்து அவசர மருத்துவ உதவி கேட்கலாம். அது நிர்க்கதியாக நிற்பவருக்கான உதவி. முன்கூட்டியே அதை நம்பிப் புறப்படக் கூடாது.

ஊரில் உள்ள பாலிசியை விடாதீர்கள்

இங்கே எடுத்திருக்கும் சாதாரண மெடிக்ளைம் பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள் செய்யும் சிகிச்சைக்கு மட்டுமே. ‘அங்கே கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே, இங்கே எதற்கு வீண் செலவு?’ என்று அதைப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் பலர். முப்பது வயதில் போனவர் நாற்பத்தைந்தில் சர்க்கரையோடு திரும்பினால், புதிதாக எடுக்கும் பாலிசியில் அந்த நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரும். 2024 ஏப்ரல் முதல் இந்தக் காத்திருப்புக்கு 36 மாதம் உச்சவரம்பு. அதற்கு முன் 48 மாதம். விடாமல் புதுப்பித்து வந்தவருக்கு அந்தக் காலம் எப்போதோ கழிந்திருக்கும். வெளிநாட்டில் குடியிருப்பதைக் கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டுத் தொடர வேண்டும். தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் நமக்குச் சாதகம்.

ஊரில் இருக்கும் மனைவி, குழந்தைகள், பெற்றோருக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு வருமானம் வந்து அந்த வரம்பைத் தாண்டிவிட்டால், சான்றிதழை வளைக்கப் பார்க்காமல் சொந்தப் பாலிசி எடுப்பதே மரியாதை.

படிக்கப் போகும் பிள்ளைகளும் பார்க்கப் போகும் பெற்றோரும்

இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா கேட்டால், அந்நாட்டு அரசு மருத்துவ சேவைக்கான கட்டணத்தை விசா மனுவோடு மொத்தமாகக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் இது ஆண்டுக்கு 1,035 பவுன், மாணவருக்கு 776 பவுன். ஓராண்டு மேல்படிப்புக்குப் பதினாறு மாத விசா என்றால், முதல் ஆண்டுக்கு 776, மீதி நான்கு மாதத்துக்கு அரை ஆண்டுக் கட்டணம் 388, ஆக மொத்தம் 1,164 பவுன். கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் வங்கிக் கடன் போட்டுவிட்டு, இதற்குக் கடைசி நேரத்தில் கடை முதலில் கை வைக்கும்படி ஆகக் கூடாது.

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா செல்லும் நம் வயதினர், அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவே லட்சக்கணக்கில் போகும் என்பதை அறிய வேண்டும். விசாவுக்குக் காப்பீடு கேட்கவில்லை என்பதால் வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கோ குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் விசாவே கிடையாது. பயணப் பாலிசிகளில் பழைய நோய்க்குப் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே பணம் கிடைக்கும். அந்தப் பகுதியைப் படித்துப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும்.

வீட்டில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீட்டு அட்டையின் இரு பக்கங்கள், காப்பீட்டுக் கம்பெனியின் தொலைபேசி எண், முதலாளியின் எண், உடன் தங்கியிருப்பவர் ஒருவரின் எண், பழைய மருந்துச் சீட்டுகள் ஆகிய எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே உறையில் போட்டு வீட்டில் வைக்க வேண்டும். கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. படுத்திருப்பவரின் கைப்பேசியை யார் திறப்பது? அட்டை காலாவதியாகும் தேதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்னதாக அவருக்கு நினைவூட்டுவது வீட்டார் வேலை.

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வீட்டில் யாராவது வெளிநாடு புறப்படுவதாகச் சொன்னால், வாழ்த்துச் சொல்லும்போதே ‘காப்பீடு என்ன ஏற்பாடு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?’ என்று ஒரு வார்த்தை கேட்போம். பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். பெட்டி கட்டும் முன் அரை மணி நேரம் செலவழித்தால் போதும்.