சேலம், நாமக்கல் பக்கம் வருகிறீர்களா?

இங்கே நடத்துநர், கடைக்காரர் யாரிடமும் ‘சொல்லுங்க’, ‘தாங்க’ என்றே பேசுங்கள். ஒருமையில் பேசினால் முகம் சுருங்கிவிடும். வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர்தான் வரும். தாகம் இல்லாவிட்டாலும் ஒரு வாய் குடியுங்கள். கிளம்பும்போது ‘போய்ட்டு வர்றேனுங்க’ என்று பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சேலத்தில் வெளியூர் பஸ்ஸுக்குப் புது பஸ் ஸ்டாண்ட், டவுன் பஸ்ஸுக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட். ஆட்டோவில் ஏறும்போதே எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மாலையில் தட்டுவடை செட் அவசியம் சாப்பிடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கடையிலேயே நின்று சாப்பிடுவதுதான் ருசி; பார்சல் கட்டினால் நமத்துப்போகும். மாம்பழத்துக்கு மே மாதம் வாருங்கள்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை. கூட்டம் நெரியும் என்பதால் தங்கும் அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரம்; தலைக்கு மேல் கூரை கிடையாது. கோடையில் கல் தரை பாதத்தைச் சுடும், காலையிலேயே தரிசித்துவிடுங்கள். வடைமாலை சாத்துவதானால் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அவர் பார்வை போகும் திசையில், மலையடிவாரத்தில் நரசிம்மர் குடைவரைக் கோயில். பாறையில் செதுக்கிய அந்தச் சிற்பங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.