மெல்ல மாறும் மெய்

நுழையும்முன்

விதை முளைப்பதைக் கண் காண்பதில்லை. முளைத்த பின்னரே காண்கிறது. நம் உடலில் நிகழும் மாற்றங்களும் அத்தகையனவே. மெதுவாக அசைவதையே பயிற்சியாகக் கொண்ட சீனத் தற்காப்புக் கலையொன்று, அம்மாற்றங்களைக் கவனிக்கும் வழியைக் கற்றுத் தருகிறது. அவ்வழியை அறிந்துகொள்வோம்.

சீன நகரங்களின் பூங்காக்களில், வைகறைப் பொழுதில் முதியோரும் இளையோரும் கூடி நின்று கைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதைக் காணலாம். நீருக்குள் நடப்பது போன்ற அவ்வசைவுகள் முதற்பார்வைக்கு நடனமாகவே தோன்றும். ஆனால், அவை தாக்குதலைத் தடுக்கவும் எதிரியின் நிலையைக் குலைக்கவும் உருவானவை. அக்கலையே ‘தாய்ச்சி’ ஆகும்.

அகமும் புறமும்

சீனர் தம் தற்காப்புக் கலைகளைப் புறநெறி, அகநெறி என இருவகையாகப் பகுப்பர். விரைவையும் தசைவலிமையையும் முதன்மையாகக் கொண்டது புறநெறி. தளர்வு, மூச்சு, உடலின் அமைவு, கவனம் ஆகியவற்றிலிருந்து ஆற்றலை வளர்ப்பது அகநெறி. தாய்ச்சி, சிங்யி, பாகுவா ஆகிய மூன்றும் அகநெறிக் கலைகளுள் புகழ்பெற்றவை. ஹெனான் மாநிலத்தில் சென் குடியினர் வாழும் சிற்றூரில் பயிலப்பட்ட தாய்ச்சியை, 19-ஆம் நூற்றாண்டில் யாங் லூச்சான் என்பவர் பெய்ஜிங் நகரில் கற்பித்தார். அதன்பின் அது பல கிளைகளாக விரிந்தது.

நிற்றலும் ஒரு பயிற்சி

அகநெறிக் கலைகளில் ‘தூண்போல் நிற்றல்’ என்னும் பயிற்சி உண்டு. முழங்கால்களைச் சற்றே மடக்கி, மரமொன்றைத் தழுவுவதுபோல் கைகளை வளைத்து, அசையாது நிற்க வேண்டும். காண்பதற்கு எளிது; நிற்பதற்கு அரிது. தொடக்கத்தில் ஓரிரு நிமிடங்களிலேயே தொடைகள் நடுங்கும். தோள்கள் தாமாக உயரும். மூச்சு மார்போடு நின்றுவிடும்.

நாள்தோறும் பயில்வோர் தம்முள் முதலில் காண்பது வலிமையை அன்று, இறுக்கத்தையே. தோள் உயர்ந்திருப்பதை ஒருவர் உணர்கிறார் எனில், அது அன்றுதான் உயர்ந்தது என்பதில்லை. நெடுங்காலமாக உயர்ந்திருந்த தோளை அன்றுதான் அவர் அறிகிறார். அறிந்தபின் அது மெல்லத் தாழ்கிறது. எனவே, ‘முன்பைவிட இறுக்கம் மிகுந்துவிட்டதே’ எனச் சோர்ந்து பயிற்சியைக் கைவிடுவோர், மாற்றம் தொடங்கிய வேளையிலேயே அதனை இழந்துவிடுகின்றனர்.

உடல் கற்கும் முறை

கண்களை மூடிக்கொண்டு விரல்நுனியால் மூக்கைத் தொட நம்மால் இயலும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள், உறுப்புகளின் நிலையை மூளைக்கு ஓயாது அறிவிப்பதே அதற்குக் காரணம். இவ்வுணர்வுக்கு ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-இல் பெயர் சூட்டினார். விரைந்து அசைகையில் நுண்ணிய பிழைகளை நாம் உணர்வதில்லை. மெதுவாக அசைகையில், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் ஒவ்வொரு நிலையும் புலப்படுகிறது.

மாற்றங்கள் அனைத்தும் ஒரே விரைவில் நிகழ்வதில்லை. வலிமைப் பயிற்சியின் முதற்சில வாரங்களில் கூடும் திறனுக்குப் பெரிதும் காரணம், தசைகளை ஒருங்கே இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதே. தசைகள் வலுப்பெறுவது அதன் பின்னரே. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ மாதக்கணக்கில்தான் மாறுகின்றன. ஆகவே, கண்ணாடியில் ஒன்றும் தெரியாத நாள்களிலும் உடல் கற்றுக்கொண்டேயிருக்கிறது.

தெரியுமா?

1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, 24 அசைவுநிலைகள் கொண்ட எளிய தாய்ச்சி வடிவத்தை வகுத்தது. 2020-இல் யுனெஸ்கோ, தாய்ச்சியை மானுடத்தின் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விருப்பமும் உண்மையும்

தன்னைத் தானே கவனிப்போருக்கு ஓர் இடர் உண்டு. மனம் தான் விரும்பியதையே உடலில் கண்டதாக நம்பிவிடும். இதனைத் தடுக்கவே தாய்ச்சியில் ‘கைதள்ளல்’ என்னும் இருவர் பயிற்சி அமைந்துள்ளது. இருவர் எதிரெதிரே நின்று, கைகள் தொட்டவாறே ஒருவரையொருவர் மெல்லத் தள்ளுவர். தள்ளும்போது உடலில் இறுகிய இடமே பிடிகொடுக்கும். அதன்வழியே நிலை குலையும். ‘நான் தளர்ந்திருக்கிறேன்’ என்பவரின் கூற்று மெய்யா எனத் துணைவரின் உள்ளங்கை சொல்லிவிடும்.

மருத்துவ ஆய்வுகளும் இவ்வாறே உணர்வை மட்டும் நம்பாது அளந்து பார்க்கின்றன. நடுக்குவாத நோயுற்ற 195 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. வாரத்திற்கு இருமுறை வீதம் 24 வாரங்கள் தாய்ச்சி பயின்றோர், தசைவலிமைப் பயிற்சி செய்தோரையும் நீட்சிப் பயிற்சி செய்தோரையும்விட உடற்சமநிலையில் மேம்பட்டிருந்தனர். தாய்ச்சி அந்நோயைத் தீர்க்கும் என்பது இதன் பொருளன்று. சமநிலையைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதே இதன் பொருள்.

களைப்பு வேறு, வலி வேறு என்பதையும் பயில்வோர் அறிதல் வேண்டும். தொடைத்தசையின் களைப்பு பயிற்சியின் இயல்பு. முழங்கால் மூட்டில் எழும் வலியோ எச்சரிக்கை. முழங்கால், பாதம் நோக்கும் திசையிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்தால் மூட்டு வருந்தும். அவ்வேளையில் பொறுத்துக்கொள்வது உறுதியன்று. நிறுத்தி, நிலையைத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.

மாற்றத்தைக் காண விழைவோர், ஒரே அளவுகோலைக் கொண்டு இடைவெளிவிட்டுப் பார்க்க வேண்டும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாது; தை மாதத்தையும் ஆனி மாதத்தையும் ஒப்பிட்டால் தெரியும். படியேறுகையில் கைப்பிடியைத் தேடாத கை, பேருந்து குலுங்குகையில் தடுமாறாத கால், சினம் எழுகையில் உயராத தோள் ஆகியன அம்மாற்றத்தின் சான்றுகள். உடலை ‘மெய்’ என்றும் வழங்குகிறது தமிழ். பொறுமையோடு கவனிப்போருக்கு அது பொய் சொல்வதில்லை.

கற்பவை கற்றபின்…

1. சுவரின் அருகில் நின்று, கண்களைத் திறந்தவாறு ஒற்றைக்காலில் எத்தனை நொடிகள் நிற்க இயலுகிறது எனக் குறித்துவைக்க. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வேளையில் மீண்டும் அளந்து ஒப்பிடுக.

2. ‘முன்பைவிட இறுக்கம் மிகுந்துவிட்டதே’ என்னும் எண்ணம் ஏன் தவறாகலாம்? பாடக் கருத்தைக்கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. நீங்கள் கற்றுவரும் ஏதேனும் ஒரு கலையில், நீங்கள் அறியாமலே நிகழ்ந்த மாற்றத்தைப் பிறர் சுட்டிக்காட்டிய நிகழ்வை ஒரு பக்க அளவில் எழுதுக.